வெள்ளை வைக்கோலும் அக்கா சொன்ன வார்த்தையும்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு செம்பூர் வரைக்கும் சிரமம் பாராமல் வந்து, இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் சினேகிதர்களுக்கும் தங்கையாகிய நான் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். நினைவு மலரில் எல்லாரும் தங்கமானவர்களாகத்தான் இருப்பார்கள். போனவரும் தங்கம், இருப்பவர்களும் தங்கம். தாராவியில் நம் ஜனங்களுக்கு நாட்டாமை செய்யும் மேஸ்திரி ஐயா அப்படித்தான் எழுத வேண்டும் என்று சொல்லி, அச்சுக்குப் போகுமுன் கட்டுரையைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்துக் காட்டினேன். "நல்லா இருக்கு தாயி, யாரு மனசும் நோவாது" என்றார். அந்தக் கட்டுரை வேறு, இது வேறு. மாதுங்கா அச்சாபீசில் கடைசி நாளன்று மாற்றிக் கொடுத்தேன். அச்சாபீஸ்காரர் ஒரு பாவமும் அறியாதவர், அவரிடம் யாரும் சண்டைக்குப் போக வேண்டாம்.

போன வருஷம் அக்காவைக் கிடத்தியிருந்த வாசலில், பிறந்த வீட்டிலிருந்து வந்த கோடிப் புடவையை நான் வாங்க மறுத்தது உங்களில் பலர் கண்ணால் பார்த்தது. பார்க்காதவர்கள் காதால் கேட்டது. "கூடப்பிறந்த அண்ணன் கொண்டுவந்த கோடியைத் திருப்பி அனுப்பியவள்" என்று கல்யாண் வரைக்கும் என் பெயர் போயிருக்கிறது. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும் என்று ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இப்போது சொல்கிறேன்.

அக்கா பிறந்தது சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊரைப் பற்றி அவரிடம் கேட்டால், "பசிச்சுது, வந்துட்டோம்" என்பார். அவ்வளவுதான். அப்பா தாராவியில் தோல் பதனிடும் வேலைக்கு வந்து, பிறகு எங்களைக் கூட்டிக்கொண்டார். அண்ணன் மூத்தவர், அக்கா நடு, நான் கடைசி. அம்மா சீக்கிரமே போய்விட்டார். சோறு ஆக்கியதும் எனக்குத் தலை வாரிவிட்டதும் அக்காதான். "ஒருத்தியாவது படிச்சுத் தொலையட்டும்" என்று என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டினார். இன்று தாராவியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன் என்றால் அது அவர் போட்ட பிச்சை. என்னைப் படிக்க வைத்தது எவ்வளவு ஆபத்தான காரியம் என்று ஒருவருக்கு இந்நேரம் விளங்கத் தொடங்கியிருக்கும்.

அக்காவை அத்தானுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அத்தான் தாராவி ஓடைப் பக்கம் எருமைகள் கட்டியிருந்தார். பம்பாயில் எருமைக் கொட்டிலைத் தபேலா என்பார்கள். பெரிய தபேலாக்களில் எருமைகள் வரிசை வரிசையாக நிற்கும். அத்தானுடையது நாலைந்து எருமைகள் நிற்கும் தகரக் கொட்டகை. பசும்புல் விலை கொடுத்து மாளாது. வைக்கோல்தான் தீனி. அதுவும் கல்யாண் பக்கத்திலிருந்து வண்டியில் வந்து, மழையும் வெயிலும் பட்டு, குச்சி குச்சியாக நிற்கும் வைக்கோல். எருமைகள் பாதியைத் தின்னும், மீதியைக் காலில் போட்டு மிதிக்கும். அந்த வைக்கோலைத் தபேலாக்களுக்குக் கொண்டுவந்து போட்ட வண்டிக்காரர் எங்கள் அண்ணன். மரியாதைக்குரிய அண்ணன் அவர்கள். இந்தக் கட்டுரை முழுக்க அவருக்கு 'ர்' போட்டுத்தான் எழுதப் போகிறேன். மரியாதை கெட்டவள் என்ற பெயரும் சேர்ந்துகொள்ள வேண்டாம்.

யுத்தம் தொடங்கியிருந்த சமயம். ஒரு மழைக்காலத்தில் கொட்டகைக் கூரை ஒழுகி, வைக்கோல் அடுக்கின் நடுவில் ஈரம் இறங்கிவிட்டது. அக்கா பிரித்துப் பார்த்தபோது ஓரிடத்தில் வைக்கோலெல்லாம் வெள்ளை நூல் சுற்றியதுபோல் இருந்தது. நாற்றமில்லை. மழைக்குப் பின் காளான் முளைத்த இடத்தில் வருமே, அந்த வாசம். பக்கத்தில் கட்டியிருந்த கிடேரி ஒன்று கயிற்றை இழுத்துக் கழுத்தை நீட்டி, காய்ந்த வைக்கோலைத் தள்ளிவிட்டு அந்த வெள்ளையைத் தின்றது. வேறு யாராக இருந்தாலும் பதறிப்போய் வைக்கோலைப் பிடுங்கி எறிந்திருப்பார்கள். அக்கா நின்று பார்த்தார். அடுத்த நாள் கிடேரியின் சாணியைப் பார்த்தார். அதற்கடுத்த நாளும் பார்த்தார். அந்த வைக்கோலில் சின்னச் சின்னச் சிப்பிபோலக் காளான்கள் எழும்பியபோது, அவற்றைப் பறித்து மிளகு போட்டு வதக்கி, யாருக்கும் சொல்லாமல் தானே தின்றுவிட்டார். எனக்குத் தெரிந்தபோது கத்தினேன்.

"பைத்தியமா உனக்கு? செத்துப் போயிருந்தா?"

"செத்தா நான்லா சாவேன். மாடு செத்தா உங்க அத்தான் என்ன பண்ணுவாரு?" என்றார் அக்கா. சிரிக்காமல்தான் சொன்னார்.

பிறகு அதுவே அவருடைய வேலையாகப் போயிற்று. வைக்கோலைத் துண்டு துண்டாக வெட்டி, தகர பீப்பாயில் கொதிக்கக் கொதிக்க வேகவைப்பார். சாக்கில் கொட்டி ஆறவிடுவார். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது, கை மட்டும் ஈரமாக வேண்டும். அந்தப் பதத்தில் மூங்கில் கூடையில் அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு வெள்ளை பிடித்த பழைய வைக்கோலைப் பிய்த்துத் தூவி, ஈரச் சாக்கால் மூடி இருட்டில் வைப்பார். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். கொஞ்ச நாளில் கூடை முழுவதும் வெளுத்துவிடும். குச்சியாக நின்ற வைக்கோல் கையில் முறுக்கினால் பொடிந்துபோகும் அளவுக்கு மெதுவாகிவிடும். எருமைகள் ஒரு துணுக்கு மிச்சம் வைக்காது. பிண்ணாக்கைக் குறைத்தும் பால் குறையவில்லை. அத்தானுக்கு மட்டும் ஒரு குறை.

"ஏளா, ஒரு சுமை வச்சா முக்காச் சுமைதான் திரும்பி வருது. மிச்சத்தை எவன் தின்னான்?"

"அந்த வெள்ளை தின்னுச்சு. முன்னால உங்க மாடு மிதிச்சுப் போட்டுச்சே, அதை என்னைக்காவது நிறுத்துப் பாத்தீயளா?"

அத்தான் அடுத்த சுமையைத் தானே தூக்கிவந்து பீப்பாய்ப் பக்கம் போட்டார்.

அக்காவிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. எல்லாக் கூடையும் வெள்ளையாகவே வராது. சிலதில் கறுப்பு படரும், சிலதில் பச்சை, சிலதில் சிவப்பு கலந்து ஒரு வீச்சம் அடிக்கும். அப்படி ஒரு விரலளவு கண்டாலும் முழுக் கூடையும் ஓடைக்குப் போய்விடும். கையைச் சாம்பல் போட்டுக் கழுவிய பிறகுதான் அடுத்த கூடையைத் தொடுவார். இந்த இரண்டுக்கும் அவர் வைத்திருந்த வார்த்தைகளைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நம் பேச்சில் பூப்பது என்பது பூவுக்கும் உண்டு, பூசணத்துக்கும் உண்டு. வெள்ளை நன்றாகப் படர்ந்த கூடையை அக்கா "பூத்துட்டு" என்பார். கெட்டதை "பூத்துப்போச்சு" என்பார். பூத்துட்டு என்றால் மாட்டுக்கு. பூத்துப்போச்சு என்றால் ஓடைக்கு. எங்கள் வீட்டில் இதைத் தெரியாதவர் கிடையாது. அண்ணன் அவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

அக்காவின் எருமைகளைப் பார்த்து அக்கம்பக்கத்துத் தபேலாக்காரர்கள் விசாரிக்க ஆரம்பித்தார்கள். அண்ணன் அவர்களுக்கு மூளை வேலை செய்தது. சயான் பக்கத்தில் வடக்கத்திக்காரர் ஒருவரின் பெரிய தபேலா இருந்தது. பையா, பையா என்றுதான் நாங்கள் அவரைக் கூப்பிடுவோம். அந்தப் பையாவிடம் போய், "எங்கள் வீட்டு வெள்ளை வைக்கோல், வாரம் தவறாமல் நானே போடுகிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அக்கா, "கூடை கூடையாத்தான் வரும் அண்ணே, வண்டி வண்டியா வராது" என்றார். "நீ சும்மா கெட. நான் பாத்துக்கிடுதேன்" என்றார் அண்ணன்.

பார்த்துக்கொண்டார். வேகவைக்க விறகு செலவு என்று வேகவைக்கவில்லை. ஒரு அடைத்த கொட்டடியில் வைக்கோலை மலைபோல் குவித்து, பச்சைத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றி, அக்காவின் கூடையிலிருந்து இரண்டு பிடியை மேலே தூவிவிட்டுக் கதவைச் சாத்தினார். ஆடி மழை வேறு. திறந்தபோது அவருக்கே சந்தேகம் வந்து அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். அன்று எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை, நானும் கூடப் போனேன். கதவு திறந்ததும் வீச்சம் முகத்தில் அடித்தது. அக்கா உள்ளே கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். கறுத்து, நடுவில் ரோஜா நிறமாக இருந்தது. முகர்ந்தார். உடனே கீழே போட்டார்.

"பூத்துப்போச்சு அண்ணே. ஒரு மாட்டுக்கும் போட்றாதீய. எல்லாத்தையும் ஓடையில கொட்டுங்க."

"சரி புள்ள" என்றார் அண்ணன் அவர்கள்.

இதுதான் அன்று நடந்த பேச்சு. ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. நான் அக்காவுக்குப் பக்கத்தில், மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றேன்.

வாக்குக் கொடுத்த நாள் நெருங்கியதும் அண்ணன் அவர்கள் அந்த வைக்கோலை வெயிலில் ஒரு நாள் காயப்போட்டு, மேலே நல்ல வைக்கோலைப் பரப்பி, பையாவின் தபேலாவுக்கு வண்டி ஓட்டிவிட்டார். எருமைகள் தின்றன. பசித்த மாடு தின்னாமல் என்ன செய்யும்? கொஞ்ச நாளில் கால்கள் வீங்கின. காதோரம் காய்ந்து சருகாயிற்று. வால் நுனி கறுத்து, ஈ மொய்த்து, தானாக அறுந்து விழுந்தது. குளம்பு கழன்ற எருமைகள் எழுந்து நிற்க முடியாமல் கிடந்த கிடையிலேயே செத்தன. நான் போய்ப் பார்த்தேன். அந்தப் பையா, ஆறடி ஆள், செத்த எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குழந்தைபோல் அழுதார்.

விஷயம் மேஸ்திரி ஐயா வாசலுக்கு வந்தது. தாராவியில் எருமை வைத்திருந்த நம் ஜனங்கள் எல்லாரும் கூடினார்கள். பையாவும் வந்து ஓரமாக நின்றார். மேஸ்திரி ஐயா அண்ணனைக் கேட்டார்: "நீ கொண்டுபோனது கெட்ட வைக்கோலுன்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"எனக்கு என்ன ஐயா தெரியும்? நான் வண்டிக்காரன். வைத்தியம் பாத்தது அவ. அவளைக் கூட்டியாந்து காட்டினேன். கையில எடுத்து மோந்து பாத்துட்டு, 'பூத்துட்டு அண்ணே, எடுத்துட்டுப் போங்க'ன்னா. எடுத்துட்டுப் போனேன்."

அக்கா எழுந்து நின்றார். "அண்ணே, நான் பூத்துப்போச்சுன்னுலா சொன்னேன்? ஓடையில கொட்டுங்கன்னுலா சொன்னேன்?"

"நீ பூத்துட்டுன்னுதான் சொன்ன."

நான் சும்மா இருப்பேனா? கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று, கேட்டதைக் கேட்டபடி கத்தினேன். "தங்கச்சி அக்காளுக்குப் பரிஞ்சுதான் பேசுவா" என்றார் மேஸ்திரி ஐயா. சூடம் கொண்டுவரச் சொன்னார். தட்டில் சூடம் எரிந்தது. அண்ணன் அவர்கள், எங்களைப் பெற்றவர்கள் மேல் ஆணையாக அக்கா பூத்துட்டு என்றுதான் சொன்னாள் என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்தார். அக்கா, "நானும் அணைக்கேன், ஏத்துங்க" என்று கையை நீட்டினார். மேஸ்திரி ஐயா மறுத்துவிட்டார். "ஒரு வயித்துல பொறந்த ரெண்டு பேரு எதிரெதிரா சத்தியம் பண்ணுனா குடும்பம் வெளங்காது. ஆம்பிள பண்ணிட்டான், அது போதும்." மேஸ்திரி ஐயா அவர்களே, நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். நியாயம் சொல்ல உட்கார்ந்தவர் ஒரு வில்லைச் சூடத்துக்குக் கஞ்சத்தனம் பண்ணினீர்கள்.

அங்கே இருந்தவர்களில் ஒரே ஒருவர்தான் அக்காவின் கொட்டகைக்கு நேரில் வந்து பார்த்தார். மாடுகளைப் பறிகொடுத்த அந்தப் பையா. கூடைக்குள் கையை விட்டு, வெள்ளை வைக்கோலை எடுத்து முகர்ந்து பார்த்து, "யே வோ நஹீ ஹை" என்றார். இது அது இல்லை என்று. தமிழ் தெரியாத மனிதருக்கு விளங்கியது, நம்மவர்களுக்கு விளங்கவில்லை. மறுநாள் நம்மவர்கள் வந்து கூடைகளை எல்லாம் எடுத்துத் தெருவில் போட்டு எரித்தார்கள். அக்கா விற்ற பாலை ஒருவரும் வாங்கவில்லை. அக்கா தண்ணீர்க் குழாய்க்குப் போனால், "பூசணக்காரி வாரா" என்று குடத்தை நகர்த்தினார்கள். பெயர் சொல்ல மாட்டேன். குடத்தை நகர்த்தியவர்களுக்குத் தங்கள் கை ஞாபகம் இருக்கும்.

அத்தான் எருமைகளை ஒவ்வொன்றாக விற்றார். கடைசியில் ஒற்றை எருமையை ஓட்டிக்கொண்டு இருவரும் செம்பூருக்கு வந்தார்கள். செம்பூர் அன்று வயலும் சதுப்புமாகக் கிடந்தது. இங்கே அறுத்த வைக்கோல் பக்கத்திலேயே கிடைத்தது. ஒரு கூடை வெள்ளை வைக்கோலை மட்டும் அக்கா எரிப்பவர்கள் கண்ணில் படாமல் சோற்றுப் பானையில் அடைத்துக்கொண்டு வந்திருந்தார். அதிலிருந்துதான் எல்லாவற்றையும் மறுபடி தொடங்கினார்.

யுத்தம் முற்ற முற்றத் தீனிக்குப் பஞ்சம் வந்தது. ராணுவக் குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் புல் போயிற்று, வைக்கோல் ஏற்றிவர ரயிலில் சரக்குப் பெட்டி கிடைக்கவில்லை. துறைமுகத்தில் கப்பல் வெடித்ததே, அந்த வருஷமெல்லாம் கூரையிலிருந்து உருவிய பழைய வைக்கோலைக்கூட மாட்டுக்குப் போட்டார்கள். அந்தப் பழைய வைக்கோலையும் அக்கா வேகவைத்து வெளுக்க வைத்தார். எருமை ஒன்று இரண்டாயிற்று, இரண்டு நான்காயிற்று. மாதுங்காவிலிருந்து ஒரு மாமி பால் வாங்க ஆரம்பித்தார். முதல் நாள் செம்பைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "என்னடி இது, இவ்வளவு கெட்டியா இருக்கே! மாவு கீவு கலக்கறேளா?" என்று கேட்டார். அக்கா அவரைக் கொட்டகைக்குள் அழைத்துப்போய் எதிரிலேயே கறந்து கொடுத்தார். அப்புறம் மாமி சொல்லி மாதுங்காவில் தெருவே வாங்கியது.

கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா ஒரு பிடி வெள்ளையைக் கொடுத்து, எப்படி வேகவைப்பது, எதைக் கண்டால் ஓடையில் கொட்டுவது என்று சொல்லி அனுப்பினார். முதலில் வந்து வாங்கிக்கொண்டு போனவர் பையா. மிஞ்சியிருந்த எருமைகளை அதை வைத்துத்தான் காப்பாற்றினார். செம்பூரில் மீன் விற்கும் கோளிப் பெண்கள் வாங்கினார்கள், நாடு பிரிந்த பிறகு முகாமுக்கு வந்த சிந்திக்காரர்கள் இரண்டு பேர் வாங்கினார்கள். ஒரே ஒருவருக்குத்தான் அக்கா கொடுக்கவில்லை.

பஞ்சம் கழுத்தைப் பிடித்தபோது அண்ணன் அவர்களின் வண்டி மாடுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. முதலில் அண்ணியை அனுப்பினார். அக்கா அண்ணிக்குக் காபி கொடுத்து, மதினி, மதினி என்று வாஞ்சையாகப் பேசி, வெறுங்கையோடு அனுப்பினார். பிறகு ஒரு கூடை மாம்பழம் வந்தது. எருமைக்குப் போட்டார். கடைசியில் அண்ணன் அவர்களே நேரில் வந்து படலுக்கு வெளியே நின்றார்.

"பழசெல்லாம் எதுக்கு புள்ள? நாம என்ன அந்நியமா?"

"பழசு எனக்கும் வேண்டாம் அண்ணே. ஒரே ஒரு வார்த்த. நான் அன்னைக்கு என்ன சொன்னேன்? மேஸ்திரி வாசல்ல நின்னு, நாலு பேரு காது கேக்க அதைச் சொல்லிட்டு வாங்க. எத்தன கூடை வேணும்னாலும் நானே தலையில சுமந்து கொண்டாந்து தாரேன்."

"அதைச் சொன்னா நான் தெருவுல நடக்க முடியுமா?"

"நான் நடந்தேன்லா?" என்றார் அக்கா.

அண்ணன் அவர்கள் திரும்பிப் போனார். மாடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. வண்டித் தொழில் போயிற்று. அக்காவைக் கல்நெஞ்சுக்காரி என்று அப்போது பேசிய உறவுக்காரர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். கூடப்பிறந்தவன்மேல் இவ்வளவு வன்மமா என்று கேட்டார்கள். ஆமாம், வன்மம்தான். அக்கா அதை மறைத்ததே இல்லை. அண்ணன் தொழில் நொடித்தது என்று கேள்விப்பட்ட அன்று நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். அக்காவிடம் சொன்னபோது, "அந்த மாடுக என்னட்டி பாவம் பண்ணிச்சு?" என்று மட்டும் கேட்டார். மாட்டுக்காக வருந்தினார். ஆளுக்காக வருந்தவில்லை.

சுதந்திரம் வந்த மறுவருஷம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள், டாக்டர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்ட பிறகு, அக்கா கட்டிலைக் கூடைகள் இருந்த பக்கம் போடச் சொன்னார். ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணன் கோடி கொண்டுவருவாரு. வாங்காத."

"மாட்டேன்."

"இரு, முழுசாக் கேளு. அந்த வார்த்தையச் சொன்னாருன்னா வாங்கு. போத்தி விடு. எனக்கும் பொறந்த வீட்டுக் கோடி போத்திக்கிட்டுப் போகணும்னு ஆசதான். சொல்லலைன்னா வேண்டாம்."

இரண்டு நாளில் போய்விட்டார்.

அண்ணன் அவர்கள் மேளத்தோடு வந்தார். தாம்பாளத்தில் பட்டுப் புடவை, மஞ்சள், பூ. நான் வாசலை மறித்து நின்றேன்.

"வழி விடு."

"அக்கா அன்னைக்கு என்ன சொன்னா? அதைச் சொல்லிட்டு உள்ள போங்க."

"ஏட்டி, பொணத்த வச்சுக்கிட்டுப் பேசுத பேச்சா இது?"

"ஆமா. அவ உசிரோட இருக்கையில நீங்க பேசலையே. இப்பவாவது பேசுங்க."

அண்ணன் அவர்கள் சுற்றிலும் பார்த்தார். மேஸ்திரி ஐயா நின்றார், பையா நின்றார், குடத்தை நகர்த்தியவர்கள் எல்லாரும் நின்றார்கள். அண்ணனின் உதடு அசைந்தது. சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சொல்லிவிட வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். அக்காவின் ஆசை அது. ஆனால் அவர் தாம்பாளத்தைப் படலோரம் வைத்துவிட்டு மேளக்காரர்களைக் கையசைத்து நிறுத்தினார். "இவளுக்குக் கிறுக்குப் புடிச்சுட்டு" என்று சொல்லிவிட்டு நடந்தார். பிறந்த வீட்டுக் கோடி இல்லாமல் எப்படித் தூக்குவது என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். தீபாவளிக்கென்று நான் வாங்கி வைத்திருந்த பருத்திப் புடவையை எடுத்து வந்தேன். பொம்பளை கோடி போடலாமா என்று யாரோ கேட்டார்கள். அத்தான் அழுதுகொண்டே, "அவ போடட்டும். பொறந்த வீடுன்னு அவளுக்கு இருந்தது இவ ஒருத்திதான்" என்றார். போர்த்தினேன்.

இது நடந்து ஒரு வருஷமாயிற்று. இப்போது அண்ணன் அவர்களின் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாரும், தங்கச்சியின் கோடி ஏன் திரும்பிவந்தது என்று முதலில் கேட்கிறார்களாம். பேச்சு முறிந்துபோகிறதாம். மேஸ்திரி ஐயா என்னிடம் வந்து, "பழசை மறந்து அண்ணனைக் கூப்பிடு தாயி, எல்லாரும் பாக்க ஒரு பந்தியில ஒக்காந்து சாப்பிட்டா ஊர் வாயி அடைஞ்சிரும்" என்றார். கூப்பிடுகிறேன் என்றேன். என் கையால் மஞ்சள் தடவி அழைப்பு அனுப்பினேன். அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அவள் கல்யாணம் நடக்க வேண்டும் என்றால் அவள் அப்பா என்ன செய்ய வேண்டும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

இனி நன்றி சொல்ல வேண்டும். அக்காவைக் கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்சம்மாக்களுக்கும், தினம் கஞ்சி வைத்துக் கொண்டுவந்த கோளிப் பெண்களுக்கும், ரயில் ஏறி வந்து தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மாதுங்கா மாமிக்கும் நன்றி. பாடைக்கு ஒரு தோள் கொடுத்து, இன்றைய சாப்பாட்டுக்குப் பாலும் தயிரும் அனுப்பியிருக்கும் பையாவுக்கு என் கும்பிடு. அவருக்கு இந்தக் கட்டுரையை யாராவது ஹிந்தியில் சொல்லுங்கள். அத்தானுக்கு நான் எந்த வார்த்தையில் நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இந்த மலரை வாசலில் கொடுக்காமல், எல்லாரும் பந்தியில் உட்கார்ந்த பிறகு இலைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருந்தேன், அப்படியே வைத்தவர்களுக்கும் நன்றி. பம்பாயில் பிறந்து தமிழ் வாசிக்க வராத பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் உரக்கப் படித்துச் சொல்லவும். அவசரமில்லை.

அழைப்பை ஏற்று வந்திருக்கும் அண்ணன் அவர்களுக்கும் நன்றி. முதல் பந்தியில், மேஸ்திரி ஐயாவுக்கு நேர் எதிரே அவருக்கு இடம் போடச் சொல்லியிருந்தேன். படித்து முடித்தவர்கள் தலையை நிமிர்த்திப் பார்த்தால் தெரிவார். அவர் எழுந்து நிற்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை, அக்கா அன்று சொன்ன வார்த்தையை உட்கார்ந்தபடியே சொன்னால் போதும், எல்லாருக்கும் கேட்க வேண்டும். இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாயிற்று. சோறு அதன் பிறகுதான் வரும்.